ஒரு கிலோ தோலில் மூன்று மில்லிகிராம்

சென்னையில் தைத்த செம்மறியாட்டுத் தோல் ஜாக்கெட் ஒன்று ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்குகிறது. அங்குள்ள ஆய்வகம் அதிலிருந்து சிறு துண்டை வெட்டியெடுத்து, பொடியாக அரைத்து, பாஸ்பேட் கரைசலில் குலுக்குகிறது. வடிகட்டிய நீரில் டைஃபினைல்கார்பசைடு என்ற சேர்மத்தைச் சேர்க்கிறது. நீர் செவ்வூதாவாக மாறினால் தோலில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இருக்கிறது என்று பொருள். எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தின் அடர்த்தி சொல்லிவிடும். ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராமைத் தொட்டால் போதும், அந்த ஜாக்கெட்டை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. 2015 மே 1 முதல் இதுதான் சட்டம்.

ஓர் அரிசிமணியின் எடை ஏறக்குறைய 20 மில்லிகிராம். ஒரு கிலோ அரிசியில் ஒரே ஒரு மணியை எடுத்து ஏழாக உடைத்தால் அதில் ஒரு துண்டு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் இந்த 3 மில்லிகிராம்.

அந்தக் குரோமியத்தை ஜாக்கெட்டுக்குள் யாரும் வைக்கவில்லை. தைத்தவருக்கும் வெட்டியவருக்கும் அதில் பங்கில்லை. தோலைப் பதனிட்டவர் பயன்படுத்தியதும் தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியத்தைத்தான். பதனிட்ட பிறகு எங்கோ, ஏதோ ஒரு படியில், அதில் ஒரு துளி தானாக உருமாறியிருக்கிறது. அப்படியானால் இந்தக் குறையை எந்த இடத்தில் திருத்துவது? வளரும் நாடு ஒன்றின் ஆடைத் தொழில் உலகத் தரத்தை எட்டுவது எப்படி என்ற பெரிய கேள்வி இந்தச் சிறிய கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. விடை தேடி நாம் தையல் மேசையிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். அந்த வழி அடையாறு சர்தார் பட்டேல் சாலைக்குப் போகிறது.

பரிசோதனை பார்க்காதவை

துணியில் தையல் பிசகினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். ஊசி நூலிழைகளை விலக்கிக்கொண்டு போகிறது. பிரித்ததும் இழைகள் ஏறத்தாழ பழைய இடத்துக்கே திரும்பிவிடும். தோலில் அது நடக்காது. ஊசி துளைத்த இடம் துளையாகவே நிற்கும். ஓர் அங்குலத்தில் தையல்கள் அளவுக்கு மிஞ்சினால் அந்த வரிசையிலேயே தோல் கிழியும். அதனால் தோல் ஆடை தைப்பவருக்கு முதல் தையலே கடைசித் தையல்.

இன்னொரு சிக்கல் நிறம். துணி, தானில் ஒரே சீராக வரும். ஒரு ஜாக்கெட்டுக்கோ பல ஆடுகளின் தோல் வேண்டும். ஒவ்வோர் ஆட்டுக்கும் வயது வேறு, மேய்ந்த இடம் வேறு, உடலில் பட்ட முள்கீறலும் உண்ணிக்கடியும் வேறு. ஒரே டிரம்மில் சாயமேற்றினாலும் தோலுக்குத் தோல் சாயல் மாறும். ஒரே தோலிலும் முதுகுப் பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதி தளர்வாகவும் இருக்கும். எந்தத் தோல் எந்தப் பாகத்துக்கு என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துப் பிரிப்பவரின் கண்தான் ஆடையின் பாதித் தரத்தை முடிவு செய்கிறது.

தைத்து முடிந்த சரக்கை வாங்குபவரின் ஆய்வாளர் வந்து சோதிப்பார். எல்லாவற்றையும் பார்க்க நேரமிருக்காது. அதற்கென்று புள்ளியியல் ஒரு வழி வகுத்திருக்கிறது. 1,201 முதல் 3,200 வரை உருப்படிகள் உள்ள சரக்கில் வழக்கமாக 125 உருப்படிகளை எடுப்பார்கள். 2.5 என்ற ஏற்புத் தர அளவின்படி, அவற்றில் குறையுள்ளவை 7 வரை இருந்தால் சரக்கு தேறும். 8 ஆகிவிட்டால் முழுச் சரக்கும் திரும்பும்.

நேர்த்தியான கணிதம்தான். ஆனால் இதனால் ஒரு நல்ல ஆடை கூட உருவாவதில்லை. செய்து முடித்ததை ஏற்கலாமா, தள்ளலாமா என்று மட்டுமே இது சொல்லும். அதிலும் கோணல் தையல், விட்டுப்போன பொத்தான் போன்று கண்ணுக்குத் தெரிகிற குறைகளைத்தான் பிடிக்கும். மில்லிகிராமில் ஒளிந்திருக்கும் வேதிப்பொருளை எந்த ஆய்வாளரின் கண்ணும் காணாது. அது தோலுக்குள் நுழைந்த இடத்தைத்தான் தேடிப் போக வேண்டும்.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

தோலின் வலு கொலாஜன் என்ற புரதத்தில் இருக்கிறது. அதன் அமைப்பைக் கண்டறிந்த வேலை நடந்ததும் இந்த ஊரில்தான். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரில் ஆராய்ந்தார். கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய திருகு என்று 1954இலும், திருத்திய வடிவில் 1955இலும் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவதாக வருவது கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. அது சிறியதாக இருப்பதால்தான் மூன்று இழைகளும் இவ்வளவு நெருங்கி முறுக்கிக்கொள்ள முடிகிறது. இன்று அடையாறு தோல் ஆராய்ச்சி வளாகத்தின் அரங்கம் இந்த மூவிழைத் திருகின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த இழைகளைச் சேர்த்துப் பிடிப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நீரில் சூடேற்றினால் அவை அறுந்து இழைகள் சுருளும். பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே சுருங்கிவிடும். ஈரத்தில் போட்டு வைத்தால் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். பதனிடுவது என்பது இழைகளுக்கிடையே புதிய பாலங்களைப் போடுவது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் உள்ள டானின்கள் இழைகளுக்கிடையே புகுந்து நிரம்பிப் பிணைக்கும். அப்படிப் பதனிட்ட தோல் 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும். குரோமியம் உப்பு கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு இழைக்கும் இழைக்கும் பாலமாக நிற்கும். அந்தத் தோல் கொதிநீரையே தாங்கும். மெல்லியதாக, மிருதுவாக, எந்தச் சாயத்தையும் ஏற்பதாக இருக்கும். ஆடைத் தோலுக்கு வேண்டிய குணங்கள் இவைதான். உலகின் தோலில் பெரும்பகுதி குரோமியத்தால் பதனிடப்படுவதற்குக் காரணமும் இதுதான்.

சென்னைக்கு இந்த முறை புதிதல்ல. 1900களின் முதற்பத்தாண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் இங்கே குரோம் பதனிடலைச் சோதித்துப் பரப்பினார். பல்லாவரத்தை ஒட்டி குரோம் லெதர் கம்பெனி இயங்கிய பகுதிதான் இன்றைய குரோம்பேட்டை. ஆனாலும் ஆவாரம்பட்டையில் பாதி பதனிட்ட தோலையே பல பத்தாண்டுகள் கப்பலேற்றினோம். அதை முழுத்தோலாக்கி, ஆடையாக்கி, விலையேற்றும் வேலை வெளிநாட்டில் நடந்தது.

கேட்பதற்கு முன்பே கட்டிய ஆய்வகம்

சர்தார் பட்டேல் சாலையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சி.எல்.ஆர்.ஐ., 1948 ஏப்ரல் 24இல் தொடங்கியது. நாடு விடுதலை பெற்று ஓராண்டு கூட ஆகவில்லை. அப்போது எந்த நாடும் நம் தோலில் மில்லிகிராம் கணக்குக் கேட்கவில்லை. முதல் இயக்குநர் பி.எம். தாஸ். 1958இல் இயக்குநரான ஒய். நாயுடம்மா ஆய்வகத்தையும் தோல் ஆலையையும் ஒரே வேலையின் இரண்டு கைகளாகப் பார்த்தார். ஆய்வாளர்கள் பதனிடும் ஊர்களுக்குப் போக வேண்டும், பதனிடுபவர்கள் வளாகத்துக்குள் தயங்காமல் வர வேண்டும் என்பது அவர் வகுத்த நடைமுறை. அண்ணா பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்பப் படிப்பு இந்த வளாகத்தோடு பிணைந்து வளர்ந்தது. படித்து வெளியேறியவர்கள் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகளுக்கு வேதியியலைக் கொண்டுபோனார்கள்.

1973இல் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. முழுத்தோலாகவும் பொருளாகவும் செய்து அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். பட்டைத் தொட்டியோடு நின்ற ஊர்களுக்கு இப்போது சாயம், எண்ணெயேற்றம், மெருகு, வெட்டு, தையல் எல்லாம் தெரிந்தாக வேண்டும். கால் நூற்றாண்டாகச் சேர்த்து வைத்த அறிவு இல்லாதிருந்தால் அந்த உத்தரவு தொழிலை முடக்கியிருக்கும். அறிவு இருந்ததால் அது தொழிலை மேலே ஏற்றியது.

மூன்று தடைகள், மூன்று பாடங்கள்

முதல் அதிர்ச்சி 1989 டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து வந்தது. பென்டாகுளோரோஃபீனால், சுருக்கமாக பி.சி.பி., தோலில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் மருந்து. மழைக்காலத்து ஈரத்தில் வாரக்கணக்கில் கிடக்கும் தோலுக்கு அது மலிவான காவல். நச்சுத்தன்மைக்காக ஜெர்மனி அதைத் தடை செய்து, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. அன்று நம் தோலுக்கு ஜெர்மனி முதன்மையான சந்தை.

மருந்தை நிறுத்தினால் போதும் என்று தோன்றும். ஆனால் பூஞ்சைக்கொல்லியாகச் சேர்க்காவிட்டாலும், வாங்குகிற எண்ணெயிலும் மெருகுப் பசையிலும் பி.சி.பி. கலந்து வரலாம். மரத்தாலான டிரம் பல ஆண்டுகளாக உறிஞ்சியதை மெல்லக் கசியவிடலாம். ஓர் ஆலை மட்டும் திருந்திப் பயனில்லை. அதற்கு வேதிப்பொருள் விற்பவரும், பாதி பதனிட்ட தோல் விற்கும் சிறு ஆலையும் சேர்ந்து மாறியாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இந்தியாவே பி.சி.பி.யைத் தடை செய்தது. சி.எல்.ஆர்.ஐ. சோதனை வசதியைப் பெருக்கியது, மாற்று மருந்துகளை ஆலைகளுக்கு எடுத்துச் சொன்னது. அரசு, ஆய்வகம், ஏற்றுமதியாளர் சங்கங்கள் மூன்றும் ஒன்றாக இறங்கியதால் சிறிய ஆலைகளும் கரையேறின. முதல் பாடம் இது: தரம் தனி ஆலையின் சாதனையாக இருக்க முடியாது, சங்கிலியின் கடைசிக் கண்ணிவரை அது போக வேண்டும்.

அடுத்த தடை சாயத்துக்கு. அசோ சாயங்களின் நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோத்திருக்கும். நிறத்தைத் தருவது அந்தப் பிணைப்புதான். உடலிலும் தோலின் மேலும் வாழும் நுண்ணுயிர்கள் சில சாயங்களில் அதை அறுத்துவிடும். அப்போது பென்சிடின் போன்ற அரோமேட்டிக் அமீன்கள் வெளிவரும். சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் பென்சிடினுக்கும் உள்ள தொடர்பு, சாய ஆலைத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து உலகுக்குக் காட்டிய உண்மை. ஜெர்மனி 1994இல் இவற்றுக்குத் தடை அறிவித்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் சட்டம் வந்தது. 22 அமீன்களில் எதுவும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்தியாவும் 1993இலும் 1997இலுமாக 112 சாயங்களைத் தடை செய்தது. அணிபவரைக் காக்கப் பிறந்த இந்தச் சட்டம் சாயத்தைக் கரைத்துக் கலக்கும் நம் தொழிலாளியையும் சேர்த்துக் காத்தது. இரண்டாம் பாடம் இது: நல்ல தரம் அணிபவரோடு செய்பவரையும் காக்க வேண்டும்.

மூன்றாவது, நாம் தொடங்கிய இடத்தில் பார்த்த குரோமியம். பதனிடப் பயன்படும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. அது மூன்று எலெக்ட்ரான்களை இழந்தால் ஆறு இணைதிறன் வடிவாகும். அந்த வடிவம் உயிரணுவுக்குள் எளிதில் நுழையும், சருமத்தில் ஒவ்வாமை தரும், தொடர்ந்து மூச்சில் போனால் நுரையீரல் புற்றை உண்டாக்கும். தோலுக்குள் இந்த மாற்றம் ஏன் நடக்கிறது? தோலை மென்மையாக்க ஏற்றும் எண்ணெயில், குறிப்பாக மீன் எண்ணெயில், நிறைவுறாத கொழுப்பு மிகுதி. காற்றும் வெயிலும் வெப்பமும் பட்டால் அது கெட்டுவிடும். அப்போது உருவாகும் பெராக்சைடுகள் குரோமியத்தை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். சாயம் ஊடுருவட்டும் என்று அமோனியா சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டினாலும் இது விரைவுபடும். ஆலையை விட்டுக் கிளம்பும்போது சோதனையில் தேறிய தோல், கப்பல் கன்டெய்னரின் புழுக்கத்தில் பல வாரம் கிடந்த பிறகு தேறாமல் போகலாம். அதனால்தான் தோலை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து மூப்படையச் செய்துவிட்டுச் சோதிக்கும் வழக்கம் வந்தது.

மூன்றாம் பாடம் இது: காரணம் தெரிந்துவிட்டால் தீர்வு கைக்கெட்டும். நிறைவுறாத கொழுப்பு குறைந்த எண்ணெயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசிக் கழுவல்வரை அமிலநிலையைக் கண்காணிக்க வேண்டும். மறுபதனிடலின்போது சிறிதளவு தாவர டானின் சேர்க்க வேண்டும். டானின்கள் பாலிஃபீனால்கள். அவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்து குரோமியத்தை மூன்றாம் நிலையிலேயே நிறுத்தி வைக்கும். நம் முன்னோர் தோல் பதனிட்ட ஆவாரையிலும் கடுக்காயிலும் இருப்பது இதே குடும்பத்துச் சேர்மம்தான். 21ஆம் நூற்றாண்டின் சட்டத்துக்கு விடை தந்தவற்றில் தோல் தொழிலின் மிகப் பழைய மருந்தும் ஒன்று.

ஆடைக்கு வெளியே இருக்கும் குரோமியம்

ஜாக்கெட்டின் கதை இதோடு சுபமாக முடிகிறது. தோலின் கதை முடியவில்லை.

பழைய முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் உறிஞ்சும். மீதி கழிவுநீரோடு போகும். ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். தோல் கெடாமலிருக்கத் தடவிய கல்லுப்பில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரில்தான் கரையும். பாலாற்றுப் படுகையின் கிணறுகள் பல பத்தாண்டுகளாக அதை வாங்கிக்கொண்டன. தென்னை காய்த்த நிலங்கள் உவர் ஆயின. எந்த இறக்குமதியாளரின் விதியும் அந்தக் கிணற்றுக்கு ஒரு வரம்பை எழுதவில்லை.

அதை எழுத வைத்தவர்கள் வேலூர் மாவட்ட மக்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும், தீங்கு வருமென்று தெரிந்தால் முழுச் சான்றுக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்தது. ஒவ்வொரு தோல் ஆலையும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட உத்தரவிட்டது. சுத்திகரிப்பு வசதி இல்லாமல் ஆலை நடத்த முடியாது என்றானது. பாலாற்றங்கரையிலும் பல்லாவரத்திலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆலைகளுக்கு உயிர்நாடி ஆயின.

ஆனாலும் கணக்கு முழுதாகத் தீரவில்லை. ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீருக்குள் இறங்குவது அதே ஆறு இணைதிறன் குரோமியம்தான். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தக் கசட்டில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஐரோப்பாவில் 3 மில்லிகிராம் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. அணிபவரின் மேனியில் ஒரு மில்லிகிராம் கூடிவிடக் கூடாது என்று பார்த்த உலகம், செய்தவரின் மேல் தொட்டியே சரிந்தபோது அதற்கென்று எந்த எண்ணும் வைத்திருக்கவில்லை. 2013இல் வங்கதேசத்தின் ரானா பிளாசா கட்டடம் சரிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் மாண்டதும் இப்படித்தான். அந்தக் கட்டடத்தின் சில ஆலைகள் வாங்குபவர்களின் தணிக்கையில் தேறியிருந்தவை. தூண்கள் தாங்குமா என்று அந்தத் தணிக்கை கேட்கவில்லை.

இனி எழுத வேண்டிய எண்கள்

சென்னையின் அனுபவத்திலிருந்து வளரும் நாடுகள் எல்லாமே எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. தரத்தை வெளிநாட்டார் கேட்கலாம், அவர்களால் கட்டித்தர முடியாது. கட்டுவதற்கு, தொழிலுக்குப் பக்கத்திலேயே, தொழிலாளியும் ஆலை நடத்துபவரும் நுழையக்கூடிய அறிவுக்கூடம் வேண்டும். அதை நெருக்கடி வரும் நாளில் தொடங்க முடியாது. 1948இல் தொடங்கியதால் 1989ஐச் சமாளித்தோம்.

இந்த ஆய்வகம் அடுத்த படிக்கும் வழி காட்டியிருக்கிறது. தண்ணீரே சேர்க்காமல் தோலை குரோமியத்தால் பதனிடும் முறையை சி.எல்.ஆர்.ஐ. உருவாக்கியது. உப்பும் அமிலமும் ஏற்றும் பழைய படியும் அதில் இல்லை. குரோமியம் பெருமளவு தோலுக்குள்ளேயே தங்கிவிடுவதால் கழிவில் போவது குறைகிறது. சோதனைக்கூடத்தில் வென்ற முறை ஊருக்கு ஊர் ஒவ்வொரு டிரம்மிலும் நடைமுறையாக வேண்டும். சிறிய ஆலைக்கு அதற்கான கடனும் பயிற்சியும் கிடைக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களில் ஆவியாக்கிப் பிரித்த கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடக்கிறது. அதைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது இப்போது நம் வேதியியலாளர்கள் முன் நிற்கும் கடினமான கணக்கு.

அதோடு, நாமே சில எண்களை எழுத வேண்டும். ஆலையைச் சுற்றியுள்ள கிணற்று நீரில் எவ்வளவு உப்பு இருக்கலாம், தொழிலாளி மூச்சில் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு எவ்வளவு போகலாம், கசடுத் தொட்டியின் சுவர் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்ற எண்கள் ஜாக்கெட்டின் தரச்சான்றிலேயே இடம்பெற வேண்டும். அவை கூடினால் ஜாக்கெட் கப்பலேறக் கூடாது. ஹாம்பர்க் கேட்கும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராமைத் தேடிப் பிடிக்கக் கற்றுக்கொண்ட ஊருக்கு, ஒரு லிட்டர் கிணற்று நீரை அளக்கும் திறமை எப்போதோ வந்துவிட்டது. அளந்ததை ஆலையின் வாசலில் எழுதி வைக்கும் துணிவு வந்துவிட்டால், நம் ஆடைகள் உலகத் தரத்தைத் தாண்டி நிற்கும்.